என் வலது காலில் ஓடிய ஜீப்

எங்கள் ஜீப்புக்கு நீலப் பெயிண்ட். எங்கே சுரண்டினாலும் உள்ளே பச்சை தெரியும். வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைக்கு ஓடி ஓய்ந்து, ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி அது. என் மாமனார் அதை வாங்கி, நீலம் அடித்து, பின்னால் பெட்டி கட்டி, காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். அதில்தான் என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டக் கற்றார். மாமனார் போன பிறகு, வண்டி வந்த இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர் மாதிரி, பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தார். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை முடிந்து திரும்பி வந்தபோது இடது கால் முழங்காலுக்கு மேலேயே முடிந்துபோயிருந்தது.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. வாசலில் பூவரசு, பூவரசுக்குக் கீழே ஜீப். நான் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போய்விடுவேன். அவர் ஜன்னலோரம் கயிற்றுக் கட்டிலில் கிடந்து ஜீப்பைப் பார்ப்பார். சாயங்காலம் நான் வரும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஊன்றுகட்டை சுவரில் சாத்தியபடியே இருக்கும். பேச்சு கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. நான் ஒருத்தியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையில் சாமியார் சொன்னதை வந்து சொன்னேன். எண்ணூர்ப் பக்கம், அடிபட்டுத் திரும்பிய பட்டாளத்துக்காரர்களுக்கு ஒரு இல்லம் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடையாது, மாட்டுவண்டியில் ஏற்றிப் போகிறார்களாம். யாரிடமாவது பழைய வண்டி இருந்தால் கொடுங்கள் என்று சாமியார் கேட்டார். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிய பிறகு சொன்னார்.

"நம்ப வண்டிய குட்த்துடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மனுஷனின் உயிர் அந்த ஜீப்பில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் போய்விட்டால் ஜன்னலில் எதைப் பார்ப்பார்? அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அப்படித் திரும்பிப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு அவராக ஒன்று கேட்கிறார். மறுக்க மனசு வரவில்லை.

"சரி, யாரு ஓட்டிகினு போறது?" என்றேன்.

"நாந்தான். வேற எவனும் தொடக் கூடாது."

"இன்னாய்யா வெளையாட்றியா? க்ளட்ச்ச யாரு அமுக்குவா?"

அவர் என் காலைப் பார்த்தார். "ஒனக்கு ரெண்டு கீதே" என்றார்.

மறுநாளே மெக்கானிக் வந்து இன்ஜினைப் பார்த்துவிட்டு, அதை ஓட வைக்கக் கொஞ்ச நாளாகும் என்றார். அதற்குள் எனக்குக் கால் பழக வேண்டும். இரண்டு சீட்டுக்கும் நடுவில் பலகை போட்டு, அதன்மேல் தலையணை வைத்து உட்கார்ந்தேன். கியர்க் கம்பியைத் தாண்டி வலது காலை நீட்டினால் க்ளட்ச் எட்டியது. மாவாட்டும் கல்லைக் காலால் தள்ளுவது மாதிரி இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அழகைப் பார்க்கச் சந்தே கூடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா, "புருஷனும் பொண்டாட்டியும் சினிமாவுக்கா?" என்று கேட்டாள். "டிக்கெட் கெடைக்கல, அதான் வாசல்லயே பாக்கறோம்" என்றேன்.

அந்தச் சாயங்காலங்களைத்தான் நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்ஜின் ஓடாது. வண்டி நகராது. மேலே பூவரசம்பூ மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறிக்கொண்டிருக்கும். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதும். கடல்காற்றில் கருவாட்டு வாசனை வரும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து, "இப்ப தண்டையார்பேட்ட. அமுக்கு" என்பார். அமுக்குவேன். கியரைத் தள்ளுவார். "வுடு" என்பார். மெதுவாக விடுவேன். அப்படியே திருவொற்றியூர் தாண்டுவோம். எண்ணூரும் தாண்டுவோம். ஒருநாள் அவர் நிறுத்தாமல் வடக்கே போய்க்கொண்டே இருந்தார்.

"ரெண்டு பக்கமும் கடுகு வெதைச்சிகீறான். ஒரே மஞ்சளா கீது பாரு."

பார்த்தேன். சந்துச் சுவரும் சாக்கடையும் இருந்த இடத்தில் மஞ்சளாகத்தான் இருந்தது.

அதன் பிறகு தினமும் போனோம். மலையேறினோம். ஏற்றத்துக்கு முதல் கியர், அமுக்கு, வுடு. வளைவுக்கு வளைவு அமுக்கி என் தொடை கடுத்தது. பட்டாளத்தைப் பற்றி வாயே திறக்காதவர், கையில் ஸ்டியரிங் இருந்தால் பேசினார். வானத்திலிருந்து ஐஸ் கொட்டும் என்றார். நான் நம்பவில்லை. "நைனா ஐஸ் ஏத்துனாரே, அத்த இடிச்சி தூளாக்கி மேலருந்து தூவனா மாதிரி இருக்கும்மே" என்றார். ஒரு சாயங்காலம் பாலம் ஒன்றைத் தாண்டியதும் அவர் கை தளர்ந்தது. "இங்கயே நிறுத்திக்கலாம்" என்றார். அது எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. காலை எடுக்காமல் இருட்டும்வரை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இன்ஜின் சரியாகி, நிஜமாகவே புறப்பட்ட காலையில் கடலிலிருந்து பனிமூட்டம் வந்து தெருவை மறைத்திருந்தது. குருத்தோலைச் சிலுவையை முன்னால் செருகினேன். வண்டி அசைந்தது. இத்தனை நாள் காடு மலையெல்லாம் சுற்றியவளுக்குச் சந்து முனை திரும்புவதற்குள் வியர்த்துவிட்டது. ஆனால் அவர் குரல் அதே குரல். அமுக்கு, வுடு. தண்டையார்பேட்டை நிஜமாகவே வந்தது. வலதுபக்கம் சந்துகளின் முடிவில் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. எனக்குக் கண் சொருகினாற்போல ஒரு சுகம். கடுகு வயல் வரும் என்றே நினைத்துவிட்டேன்.

திருவொற்றியூர் தாண்டி ரயில்வே கேட் திறந்து வண்டிகள் நகர்ந்தபோது, அவர் சொல்வதற்கு முன்பே காலை எடுத்துவிட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. பின்னால் வரிசையாக லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு லாரி டிரைவர் இறங்கி, திட்டிக்கொண்டே வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவருக்குத் திட்டு வாயிலேயே நின்றது.

"இன்னா நைனா, இந்த நெலமையில வண்டி எட்த்துனு வந்துகீற? நவுரு, நான் கொண்டாந்து வுட்டுட்டுப் போறேன்."

நல்ல மனுஷன்தான். ஆனால் என் வீட்டுக்காரர் முகம் கட்டிலில் கிடந்த முகமாகிவிட்டது. கை ஸ்டியரிங்கை விட்டுக் கீழே இறங்கியது. எனக்கு வந்த பயத்தில் கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"யோவ், அவரு ஓட்டனதுல ஒண்ணும் கொறயில்ல. க்ளட்ச்சு நாந்தான். தூங்கிட்டேன். நீ போய் ஒன் வண்டியப் பாரு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியைத் திருகினார். "அமுக்குமே" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. அமுக்கினேன்.

எண்ணூரில் இல்லத்து முற்றத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கட்டை ஊன்றியவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் எல்லாரும் ஜீப்பைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் நீலத்தை நகத்தால் சுரண்டி, பச்சையைக் கண்டு, "நம்மாளு" என்றார். பொறுப்பாளர் நன்றி சொல்லிவிட்டுத் தயங்கினார். வண்டி கிடைத்துவிட்டது, ஓட்ட ஆள்தான் இல்லை என்றார். அப்போது வலது கை இல்லாத ஹவில்தார் ஒருத்தர் என்னிடம் வந்து, "நீ கொஞ்சம் எறங்கும்மா" என்றார். இறங்கினேன். என் தலையணையில் அவர் உட்கார்ந்து காலை நீட்டினார்.

முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். என் வீட்டுக்காரர் ஒருமுறைகூட "அமுக்கு" சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. சந்தோஷத்தில் அழுதேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். பாதி பொறாமை. ஓடுகிற வண்டியில் எனக்கு இருந்த ஒரே வேலையை இன்னொருவர் என்னைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தார்.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் கால் தானாகத் தரையை அமுக்கியது. அவர் கவனித்துவிட்டார். ராயபுரம் வரைக்கும் என் காதோரம் மெதுவாக "வுடு, வுடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் நான் எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. சட்டை போட்டுக்கொண்டு, கட்டையை ஊன்றி, எண்ணூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வாசலில் நின்றார். பல வருஷம் அப்படித்தான் போனார்.

இப்போது அவர் இல்லை. ஜீப் எங்கே போனதோ தெரியாது. நான் பஸ்ஸில் போனால் கியர் மாறும் சத்தத்துக்கு வலது கால் இன்னும் அமுக்குகிறது. வுடு என்று சொல்ல ஆளில்லாததால், கால் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறது.