ஸ்டாண்ட்பையில் ஓடிய இதயம்

என் கணவரின் இதயத்தை எனக்கு முன்னால் இன்னொருத்தி பார்த்துவிட்டாள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்கு போர்ட் பிளேர் டீசல் பவர் ஹவுஸில் ஆபரேட்டர் வேலை, குட்வில் எஸ்டேட்டில் வீடு. ஒரு நாள் ஷிஃப்டுக்குக் கிளம்பியவர், செருப்பை மாட்டக் குனிந்து அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஈசிஜி எடுக்கும் அறையில் இருந்தாள் அவள். வங்காளிப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் தீவில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில்தான் பேசினாள். அவரை பாய்சாப் என்றாள், என்னை பாபி என்றாள். அண்ணனாம், அண்ணியாம்.

காகிதத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு விளக்கினாள். இதயத்தின் வலது மேல் அறையில் ஒரு சின்ன இடம் தானாகவே மின்சாரம் உண்டாக்குகிறதாம். அது பரவினால் மேல் அறைகள் இரண்டும் சுருங்கும். பிறகு நடுவில் ஓரிடத்தில் மின்சாரம் கொஞ்சம் தாமதிக்கும். அதற்குள் ரத்தம் கீழே இறங்கிவிடும். அப்புறம்தான் கீழ் அறைகளுக்கு மின்சாரம் போய் அவை சுருங்கும். இவருக்கு மேலே சரியாகக் கிளம்புவது நடுவிலேயே நின்றுபோகிறது. கீழ் அறைகள் வேறு வழியில்லாமல் தாமாகவே மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கின்றன.

"அப்போ மெயின் லைன் கட். ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் செட் ஓடுது. டீக் ஹை நா, சரிதானே மேடம்?" என்றார் இவர்.

இருவரும் சிரித்தார்கள். நான் சாப்பாட்டு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து பவர் ஹவுஸைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை விளக்கியதில்லை. கேட்டால், "உனக்குப் புரியாது, விடு" என்பார். அவளிடம் ஜெனரேட்டர் கதை முழுவதையும் கொட்டினார்.

மெயின்லேண்டுக்குப் போய் பேஸ்மேக்கர் வைத்தே ஆகவேண்டும், நடுவில் நின்றுபோன வேலையை அந்தக் கருவி செய்யும் என்றார் டாக்டர். இவர் மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சுனாமிக்கப்புறம் ஸ்டாண்ட்பை செட்ட வச்சே மாசக்கணக்குல ஊருக்கு லைட் குடுத்தோம். அது பாட்டுக்கு ஓடும்."

"அதுவும் நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"உனக்கென்ன தெரியும் செட்டைப் பத்தி?"

சரக்குக் கப்பல் வராவிட்டால் இருப்பதை வைத்து ஓட்டியே பழகிய மனுஷன். தன் நெஞ்சையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நம்பினார். அழுதேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். அசையவில்லை. வாராவாரம் ஈசிஜி எடுக்க மட்டும் மடிப்புக் கலையாத சட்டையில் கிளம்பிவிடுவார். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டவள் நான்.

இரண்டாவது முறை குளியலறையில் விழுந்து நெற்றி பிளந்தது. தையல் போட்டு முடித்ததும் அவரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவளைத் தேடிப் போனேன். அவள் முன்னால் போய் நிற்க உடம்பெல்லாம் கூசியது.

"நான் சொன்னா கேக்கமாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றேன். இதை என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் உடனே எழுந்து வந்தாள். அவர் எதிரில் நின்று, "பாய்சாப், ஸ்டாண்ட்பை நின்னுபோனா அதுக்கு ஸ்டாண்ட்பை எங்கே?" என்று கேட்டாள்.

அவர் நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "சென்னைக்கு டிக்கெட் பாரு" என்றார்.

நான் கேட்டதும் இதைத்தானே? பிழைத்தோம் என்று நிம்மதியாகவும் இருந்தது, அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது.

சென்னையில் பேஸ்மேக்கர் வைத்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஒழுங்காக அடித்தது. அவர் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "மேடத்துக்கு ஃபோன் போடு."

போட்டேன். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நல்லா ஆயிட்டாரு. இனிமே ஈசிஜிக்கெல்லாம் அங்க வரவேண்டியதில்ல" என்றுதான் வாயில் வந்தது.

"வரணும், பாபி. கருவி ஒழுங்கா ஓடுதான்னு பாக்க இனிமேதான் தவறாம வரணும்" என்றாள்.

கட்டிலில் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் உயிரோடு வேண்டும்.

"சரி, கூட்டிட்டு வரேன்" என்றேன்.