மாமா மறந்துபோன வசனம்

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது எங்கள் ஊரே காலியானது. வீட்டைப் பிரித்த அன்று அம்மா அழவில்லை. கதவும் ஓடும் உடையாமல் வண்டியில் ஏற வேண்டுமே என்பதுதான் அவள் கவலையாக இருந்தது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் சுரங்கத்திலேயே வேலை கிடைத்து, எல்லோரும் நெய்வேலியில் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டோம். மாமா அம்மாவின் தம்பி.

ஒரு பொங்கலுக்குத் தொழிலாளர்கள் நாடகம் போட்டார்கள். நாட்டுக்காக நிலத்தைக் கொடுக்கும் விவசாயியின் கதை. விவசாயி வேஷம் மாமாவுக்கு. ஷிப்ட் முடிந்து வந்து வசனம் பாடம் பண்ணுவார். தடுமாறினால் நான் எடுத்துக்கொடுப்பேன். இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு வராத எனக்கு நாடகம் முழுக்க மனப்பாடம்.

அன்று சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. முத்தாண்டிக்குப்பம் பக்கம் குடியேறியிருந்த பழைய ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். மேடையில் அதிகாரி வேஷக்காரர் காகிதத்தை நீட்டி, சம்மதம்தானா என்று கேட்டார். மாமா வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. அதிகாரி மறுபடியும் கேட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

“மாமா, ‘மனப்பூர்வமாகத் தருகிறேன்’னு சொல்லணும்.”

கூட்டம் சிரித்தது. மாமா என்னைப் பார்த்தார்.

“தெரியும் பாப்பா. சொல்லத்தான் வரல.”

சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

“கெணத்தடியில எங்கப்பன் வச்ச பலா, இந்த வருசந்தாங்க காய்ச்சுது. அத மட்டும் சொல்லிக்கிறேன்.”

அப்படி ஒரு வசனமே நாடகத்தில் கிடையாது. சொல்லிவிட்டு மாமா கைநாட்டு வைத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பின்னாலிருந்த பெண்களும் அழுதார்கள். தம்பி நாடகத்தைக் கெடுத்துவிட்டான் என்ற அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்து, நானும் அழுதேன்.

நாடகம் முடிந்தும் பழைய ஊர்க்காரர்கள் கிளம்பவில்லை. அம்மாவைச் சுற்றி நின்றுகொண்டு, எந்தக் கிணற்றில் தண்ணீர் இனிக்கும், யார் வீட்டுப் புளி நன்றாகக் காய்க்கும் என்று மாற்றி மாற்றிப் பேசினார்கள். குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு அம்மா ஊரைப் பற்றி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அன்று அவள்தான் அதிகம் பேசினாள். இடையில் சிரித்தாள்கூட.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரே வருத்தம். மாமா அவ்வளவு பாடுபட்டு நடித்த நாடகத்தைப் பற்றி ஒருவராவது பேச வேண்டுமே.