ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்

என் தங்கை இறந்தபின் அவள் மகள் ஷாலினி ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்து மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அப்பா மருங்காபுரியில் விவசாயம் செய்கிறார். ஞாயிறுதோறும் வந்துபோவார்.

நாள் தவறாமல் டைரி எழுதுபவள் நான். ஒருநாள் புரட்டிப் பார்த்தபோது, அவர் வந்துபோன ஞாயிறுகளில் எல்லாம் "அழுதாள், சாப்பிடவில்லை" என்றே இருந்தது. அதை அவரிடமே படித்துக் காட்டி, "மாசம் ஒரு தடவ வாங்க, போதும்" என்றேன். "நீங்க சொன்னா சரிங்கக்கா" என்று எழுந்து போனார். கதவருகே ஷாலினி நின்றதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவளைக் காணவில்லை. தெருத்தெருவாகத் தேடி, கடைசியில் பஸ் ஸ்டாப்பில் கண்டேன். தனியாக ஏறியவளை கண்டக்டர் இறக்கி, பூக்காரம்மாவிடம் விட்டிருந்தார். "நல்லா பாத்துக்கிறீங்க புள்ளய!" என்றார் அந்தம்மா.

"எங்கடி கிளம்பின?"

"அப்பாட்ட. இனிமே அழ மாட்டேன், வாங்கன்னு சொல்லணும் பெரியம்மா."

அங்கிருந்தே அவருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது அவரைக் கேட்காமல் அவள் விஷயத்தில் எதையும் முடிவு செய்வதில்லை. டைரியில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை அவருக்கே விட்டுவிட்டேன். முதல் வாரம் அவர் எழுதியது: "பாப்பா அழுதுச்சு. நானும் அழுதேன். அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிட்டோம்."