பெண்ணின் அம்மாவுக்கு ஒரு இலை

எங்கள் முதலாளியின் வாயில் 'ஸ்ட்ராட்டஜி' என்ற வார்த்தை நுழைந்த நாளிலிருந்தே எனக்கு அந்த ஆபீஸ் பிடிக்காமல் போய்விட்டது. மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனி. நான் அங்கே புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பா கரண்டி பிடித்து ஆரம்பித்த தொழில் அது. பிள்ளை கரண்டியைத் தொட்டவரில்லை. எங்கேயோ வாரக்கடைசி வகுப்புக்குப் போய்வந்து, ஆபீஸ் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, அம்புக்குறியாகப் போட்டுத் தள்ளினார்.

"சாம்பார்ல யாரையும் ஜெயிக்க முடியாது மேடம். எல்லாரும் அதே சாம்பார்தான் வைக்கறாங்க. டைம்லதான் ஜெயிக்கணும். ஒரே ஆளுங்க, ஒரே பாத்திரம், ஒரே முகூர்த்த நாள்ல ரெண்டு மண்டபம். நம்ம ரேட்டை எவன் தொட முடியும்?"

சொன்னபடியே செய்தார். தி.நகர் மண்டபத்தில் பந்தி முடிந்ததும் அதே பாத்திரங்கள் கழுவின ஈரத்தோடு அடையாறுக்குப் போகவேண்டும். அதற்குப் பந்தி சீக்கிரம் எழுந்திருக்கவேண்டும். ஜனங்களை எப்படி எழுப்புவது? கழுத்தைப் பிடித்தா தள்ளமுடியும்? அதற்கும் வழி வைத்திருந்தார்.

சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நம் ஊர்க் கல்யாணங்களில் புதிதில்லை. பெரியவர் காலத்தில் அதைக் கேவலம் என்று நினைத்து, பந்தி முடிகிறவரை சாப்பாட்டுக் கூடத்தின் கதவைச் சாத்தி வைத்திருப்போம். பிள்ளை கதவை விரியத் திறந்து வைக்கச் சொன்னார். "பின்னாடி நிக்கறவங்கதான் நம்ம சம்பளமில்லாத சூப்பர்வைசர்ஸ்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அடுத்தது மோர். ரசம் ஊற்றின கையோடு மோர் வாளி போய்விடவேண்டும் என்று உத்தரவு. மோர் வந்துவிட்டால் நம்மவர்களுக்குச் சாப்பாடு முடிந்த மாதிரி. இன்னும் கொஞ்சம் ரசம் என்று கேட்கக் கூச்சப்படுவார்கள். அரை வயிறோடு கையலம்பப் போவார்கள். மரியாதை தெரிந்தவர்களை அவர்களுடைய மரியாதையை வைத்தே கிளப்பிவிடுகிற வித்தை. சீ, இதையும் ஒரு படிப்பு என்று காசு வாங்கிக்கொண்டு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது பலித்தது. கூடம் சீக்கிரம் காலியாகிறது என்று மண்டபக்காரர்களே எங்களைச் சிபாரிசு செய்தார்கள். மேற்கு மாம்பலத்தில் நிறுத்தி நிதானமாகப் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பழைய காண்ட்ராக்டர் கடையையே மூடிவிட்டார். அன்றைக்கு எங்கள் ஆபீசில் கேக் வெட்டினார்கள். எனக்கு வந்த துண்டை நான் தொடவில்லை.

பலகை முன்னால் நின்று நான் ஒன்று கேட்டேன். "சார், பொண்ணோட அம்மா அப்பா கடைசியிலதான் சாப்பிடுவாங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாரும் கை கழுவினப்புறம்தான் இலையில உட்காருவாங்க. அதுக்குள்ள பாத்திரம் கிளம்பிட்டா?"

"ரெண்டு பேருக்காக சிஸ்டத்தை மாத்த முடியுமா மேடம்? அவங்களை முதல் பந்தியிலயே உட்காரச் சொல்லுங்க."

பெண்ணைப் பெற்றவள் முதல் பந்தியில் உட்காருவதாம்! கல்யாணச் சமையல்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த மனிதர் பேசுகிற பேச்சா இது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வருஷமே என் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேறு ஆளைப் பார் என்று எவ்வளவோ சொன்னேன். "நீ வேலை பாக்கற எடத்த விட்டுட்டு இன்னொருத்தண்ட போனா நாலு பேர் என்ன கேப்பா?" என்று அடக்கிவிட்டாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. வேளை தப்பினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ஒரு தடவை கோயில் பிரகாரத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். இருந்தும் கன்னிகாதானம் முடிகிறவரை விரதம் என்று பிடிவாதம். "அப்பறம் ஒரு எலையப் போட்டுண்டு நிம்மதியா ஒக்காந்து சாப்பிடறேண்டி. இருக்கறது ஒரே பொண்ணு. இத விட்டா எனக்கு வேற கல்யாணச் சாப்பாடு ஏது?" என்றாள்.

அந்த ஓர் இலைக்கு நான் பொறுப்பு என்று மனதுக்குள் எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று தி.நகர் மண்டபத்தில் முதல் பந்திக்கு முன்னாலேயே சாதம், சாம்பார், ரசம், கறி, பாயசம் எல்லாவற்றையும் தனித்தனித் தூக்குகளில் எடுத்து, மூடி, சமையலறை மூலையில் வைத்து, மேலே அக்காவுக்கும் அத்திம்பேருக்குமாக இரண்டு இலையைச் சுருட்டி வைத்தேன். பரிமாறுகிறவர்களிடம் சொல்லியும் வைத்தேன்.

கடைசிப் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் உட்கார்ந்தார்கள். அக்கா ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "போறுமா? இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா?" என்று விசாரித்துக்கொண்டு போனாள். அவள் முதுகுக்குப் பின்னாலேயே மோர் வாளி வந்தது. சித்தப்பா ஒருவர் பாயசத்துக்கு நீட்டின கையை மடக்கிக்கொண்டார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

அவர்களை வாசல்வரை கொண்டுவிட அத்திம்பேர் போனார். நான் அக்காவின் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். தரையெல்லாம் ஈரம். பினாயில் வாடை. நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் ஏற்றியிருந்தார்கள். சமையலறைக்கு ஓடினேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மூலையில் என் தூக்குகள் இல்லை. கரண்டிகூட இல்லை.

வெளியே வண்டிக்காரர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து உலுக்காத குறை.

"நான் இன்னாம்மா பண்றது? கீழ எது கீதோ அல்லாத்தையும் ஏத்துன்னு ஆர்டரு. அந்தத் தூக்குலாம் மொத வண்டியிலயே அடையாறு போய்க்கினு கீது" என்றார். அவர்மேல் கோபப்பட்டு என்ன புண்ணியம்?

திரும்பி வந்தபோது அக்கா கவிழ்க்காத ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை, பட்டுப்புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது. வாசலில் சந்தனம் வைத்திருந்த வரவேற்புத் தட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த கல்கண்டை அள்ளிக்கொண்டு வந்து அவள் வாயில் போட்டேன். "ஒண்ணுமில்லடி, செத்த நாழியில சரியாயிடும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். கையில் போன். "மாமி, உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். நம்ம பேஜ்ல வீடியோ போட ஒரு ரெண்டு வார்த்தை. சாப்பாடு எப்படி இருந்தது?" என்று அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. அந்த போனைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருப்பேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெண் கல்யாணத்தில் சண்டை கூடாதாம். கல்கண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சிரித்து, "எல்லாரும் ரொம்ப நன்னா இருந்ததுன்னு சொன்னா" என்றாள்.

"சூப்பர் மாமி!" என்று சொல்லிவிட்டு அவர் அடையாறுக்குப் பறந்தார். அவள் சொன்னது காதில் விழுந்தால்தானே அந்த மனிதருக்கு உறைக்க?

தன் ஒரே பெண்ணின் கல்யாணத்தில் அக்கா சாப்பிட்டது தெருமுனை ஓட்டலில் நான் வாங்கிவந்த தயிர்சாதம், பிளாஸ்டிக் டப்பாவில். மறுநாளே நான் வேலையை விட்டேன். அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அந்த வீடியோ இன்றைக்கும் கம்பெனியின் இணையப் பக்கத்தில் முதலாவதாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் அக்காவின் ஒரு கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கும். பார்க்கிறவர்கள், மாமி இன்னும் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.