ஊமைப் படத்துக்குக் குரல் கொடுத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இவ்வேளையில், இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையாகிய நான் இதனை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரை உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டியவராக அறிவீர்கள். சிலர் அண்ணியின் கணவராக மட்டுமே அறிவீர்கள். அந்தத் திருமணமே நடவாமற் போயிருக்கக்கூடிய ஒரு காலம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

பசறைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கோயில் கமிட்டியிலும் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் மண்சரிவு எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அதன்பின் பல மாதங்கள் தோட்டப் பாடசாலை வகுப்பறையிலேயே குடியிருந்தோம். அந்த ஈரத்தில் அம்மாவின் நெஞ்சு நோய் முற்றி, அவர் மறைந்தார். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தும் அண்ணன் மேலே படிக்கவில்லை. பசறையில் ஒலி, ஒளிச் சாதனங்களை வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்தார். பிள்ளைகள் இருவரையும் படிக்கவைக்க எங்கள் வீட்டில் வழியிருக்கவில்லை என்பதை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் பட்டதாரியானேன்.

அண்ணி ஹாலிஎலயிலிருந்து எங்கள் தோட்டத்து முன்பள்ளிக்குக் கற்பிக்க வந்தவர், கிறிஸ்தவர். கணவரை இழந்த பின் தையல் வேலை செய்து அவரை வளர்த்தவர் அவருடைய தாயார். அவரை நான் அத்தை என்று அழைக்கிறேன். அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் விரும்பியதை அறிந்தபோது இரு வீடுகளும் கொதித்தன.

"கமிட்டியில இருந்துகிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் சாமி முன்னால போயி நிப்பேன்?" என்றார் அப்பா.

"எம்பிள்ளைய அந்த மலைக்குப் படிச்சுக் குடுக்கத்தான் அனுப்பினேன், வாழ்றதுக்கு இல்ல" என்றார் அத்தை. மொனராகலையில் வேறு மாப்பிள்ளை பேசத் தொடங்கினார். முன்பள்ளியின் ஆண்டு விழா முடிந்ததும் அண்ணி வேலையை விட்டுவிட வேண்டுமென்றும் கட்டளையிட்டார். யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ளும்படி நண்பர்கள் தூண்டினர். அண்ணன் இணங்கவில்லை. "ரெண்டு வீட்டையும் அழவச்சிட்டுப் போயி நாங்க என்னத்த வாழ்றது?" என்று கேட்டார். ஆகவே, அந்த விழா நாள் மட்டுமே அவர்களுக்கு எஞ்சியிருந்தது.

அவ்வேளை பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான், ஊமைப் படமொன்றின் இறுவட்டை (சிடி) கொண்டுவந்திருந்தேன். பாதிரியார் ஒருவரின் மகள், வேற்றுச் சமயத்தவனான படகோட்டியை விரும்பும் கதை. மூல நாவலில் வீட்டாரால் விலக்கப்பட்ட அவள் ஆற்றில் இறங்கி உயிரை விடுகிறாள். சமயத்தையும் பெற்றோரையும் இழிவுபடுத்தியதாக அந்நாவல் தன் நாட்டிலேயே கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. அதனாலோ என்னவோ, படம் எடுத்தவர்கள் முடிவை மாற்றியிருந்தார்கள். இதையெல்லாம் கேட்டறிந்த அண்ணன், விழாவில் அதைத் திரையிடப் போவதாகச் சொன்னார். எனக்கு அச்சமாக இருந்தது. சபையில் எவரேனும் அண்ணியைச் சுட்டி ஒரு சொல் சொல்லிவிட்டால், எஞ்சியிருந்த வழியும் அடைபட்டுவிடும் அல்லவா?

பிள்ளைகளின் நடனம் முடிந்த பின்னேரத்தில் தோட்டத்து மண்டபத்தின் யன்னல்களைச் சாக்கினால் மூடிப் படத்தைத் தொடங்கினார். மகளைக் கையோடு அழைத்துப்போக வந்திருந்த அத்தை முன்வரிசையில் இருந்தார். திரையில் வாய்கள் அசைந்தன, சத்தமில்லை.

"ஒயரு கழண்டுருச்சு, பாருங்கப்பா!" என்று கூட்டம் கத்தியது. அப்பாவே எழுந்து போய் ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஒக்காருங்கப்பா. இது பேசாத படம். இன்னைக்கு எல்லாருக்கும் நான்தான் பேசுவேன்" என்று ஒலிவாங்கியை எடுத்தார் அண்ணன்.

"அப்ப அந்தப் பொம்பளைக்கும் நீதானாடா?" என்றார் பக்கத்து லயத்துப் பெரியம்மா.

"ஆமாங்க பெரியம்மா. கொரலு கொஞ்சம் கரகரன்னுதான் இருக்கும், பொறுத்துக்கங்க."

சிரிப்பு அடங்கக் கதை நகர்ந்தது. மகள் ஆற்றங்கரைக்கு வந்த இடத்தில் அண்ணன் படத்தை நிறுத்தினார்.

"புத்தகத்துல இந்தப் புள்ள ஆத்தோட போயிருது. படத்துல வேற முடிவு இருக்கு. எது ஞாயம்னு நீங்க சொல்லுங்க, பெறகு போடுறேன்."

எங்கள் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்தின்போது, காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் பாடி வழக்காடுவது வழமை. அதில் பழகிய சனங்களைப் பிரிந்து உட்காரச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. தாமாகவே இரு கட்சிகளாயினர்.

"பெத்தவன் பேச்சக் கேக்காதவ எங்க போனா என்ன?" என்றார் ஒரு பெரியவர்.

"ஒங்க மக போனப்ப மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடுனீங்களே மாமா?" என்று எதிர்க்கட்சியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மண்டபம் அதிர்ந்தது.

அப்போதுதான் அத்தை எழுந்தார். "சாகவா அந்தப் பாதிரியாரு வளத்தாரு? கோவிக்கட்டும். வருசக்கணக்கா பேசாம இருக்கட்டும். பிள்ள உசுரோட இருந்தாத்தானே கோவிச்சுக்கவாவது முடியும்?"

பெரியம்மா விடவில்லை. "அப்ப டீச்சரையும் எங்களுக்குக் குடுத்துருங்க சம்மந்தி!"

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை மூடியபடி அமர்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று எவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் செருமினார்.

"மொதல்ல படத்தப் போடுடா. அந்தப் புள்ளய எவ்வளவு நேரம் தண்ணிக்குப் பக்கத்துலயே நிக்கவைப்ப?"

அந்த ஒரு மாலை அனைத்தையும் தீர்த்துவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. கமிட்டியில் அப்பா கடுஞ்சொற்களைக் கேட்டார். அத்தை முழுமனதாய்ச் சம்மதிக்க மேலும் ஓராண்டு சென்றது. ஆனால் மொனராகலைப் பேச்சு அன்றோடு நின்றது. இன்று எண்ணிப் பார்க்கையில், நாவலின் முடிவை மறைத்து மகிழ்ச்சியான முடிவை மட்டும் அண்ணன் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் அது வெறும் படமாகவே போயிருக்கும். நேரக்கூடிய இழப்பையும் முன்னே வைத்து, தீர்ப்பைப் பெரியவர்களிடமே ஒப்படைத்தார். அவர்கள்மீது அவர் வைத்த நம்பிக்கை அது.

பதுளையில் பதிவுத் திருமணமும், ஹாலிஎலத் தேவாலயத்தில் ஆசீர்வாதமும், தோட்டத்துக் கோயிலில் அர்ச்சனையும் நடந்தன. பின்னர் அண்ணன் பசறையில் சொந்தக் கடை வைத்தார். துக்க வீடுகளுக்கு அழைக்காமலே போய் விளக்குக் கட்டினார். தோட்டந்தோறும் படம் காட்டி, பாதியில் நிறுத்தி, சனங்களைப் பேசவைத்தார். மதுவையும் இளவயதுத் திருமணத்தையும் பற்றி எங்கள் பெண்கள் வாய்திறந்த முதல் மேடைகளுள் அவையும் அடங்கும். இவ்வூர்களில் சமூகப் பணியாற்றும் நான் இதனைப் பொறுப்புடன் எழுதுகிறேன். அவருடைய ஒரே மகள் இப்போது அப்பணியைத் தொடர்கிறாள்.

ஈரல் நோய் அவரை மெல்ல மெல்ல வாட்டியது. கடைசி வாரங்களில் குரல் முற்றாக அடங்கிவிட்டது. அண்ணி அவருடைய கண்ணைப் பார்த்தே வேண்டியதை அறிந்து, வந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார். சில வேளை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லுவார். அண்ணன் தலையசைத்து மறுத்துச் சிரிப்பார்.

அவரைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், மழையிலும் சவப்பெட்டியை மலையேற்றிய தோட்டத்து இளைஞர்களுக்கும், உணவளித்த சிங்கள அயலவர்களுக்கும், கோயில் கமிட்டியினருக்கும், தேவாலயச் சபையினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தாழ்மையுடன் தெரிவிக்கிறேன்.

நிறைவாக, எங்கள் இரு பெரியவர்களான அப்பாவுக்கும் அத்தைக்கும் நன்றி. அண்ணனின் இறுதிப் பயணத்தன்று, சடங்கு முதலிலா, ஜெபம் முதலிலா என்று வந்தவர்கள் தயங்கி நின்றபோது, "மொதல்ல ஒங்க முறைய செய்ங்க சம்மந்தி, நாங்க காத்திருப்போம்" என்றார் அத்தை. "இல்லம்மா, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, நீங்க மொதல்ல" என்றார் அப்பா. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து அவர்கள் வாதாடிய அந்தச் சில நிமிடங்கள் முழுவதும், பெருங்கூட்டம் ஒன்று குடைகளின் கீழ் பொறுமையாகக் காத்து நின்றது. காத்து நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் வணக்கம்.