என் மகள் நெஞ்சில் இருந்த ஓட்டை

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கையில், பள்ளிக்கூடத்துக்குச் சோதிக்க வந்த டாக்டரம்மா அவள் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு என்னை வரச்சொன்னார். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இருக்கலாம், மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்றார். காட்டினேன். ஓட்டை இருந்தது. ஆபரேசன் செய்தால் தழும்பு நிற்குமா என்று கேட்டேன். நிற்கும் என்றார்கள். அவ்வளவுதான், பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நெஞ்சில் தையல் போட்ட பெண்ணை எவன் கட்டுவான்? அன்றைக்கு என் புத்தி அப்படிப் போனது.

அவளுடைய அப்பாவிடம் ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் ரத்தம் கம்மி என்றேன். பருத்தி எடுக்கையில் மூச்சு வாங்கி அவள் வரப்பில் உட்கார்ந்தால், உடம்பு வளையாத கழுதை என்று நாலு பேர் முன்னால் ஏசுவேன். அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்தோம். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்திலேயே வருசங்கள் ஓடிவிட்டன.

முப்பது வயதில், மாடிப்படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் விளக்கினார். ஓட்டை வழியாக இத்தனை காலமும் கூடுதல் ரத்தம் பாய்ந்து, நுரையீரலுக்குப் போகிற பெரிய குழாய் வீங்கிவிட்டதாம். வீங்கிய குழாய், பக்கத்திலிருக்கும் குழாயை நசுக்குகிறதாம். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய் அது. சின்ன வயதில் ஓட்டையை அடைத்திருந்தால் இது வந்தே இருக்காது என்றார். முன்பே தெரியுமா என்று கேட்டார். மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தார். தெரியாது என்றேன்.

நசுங்கிய குழாயில் ஸ்டென்ட் வைத்து விரித்தார்கள். நெஞ்சுவலி நின்றது. நுரையீரல் கெட்டது கெட்டதுதான். எட்டு மாதத்தில் போய்விட்டாள். பாவி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

எங்கள் ஊருக்குப் போகும் பரளச்சி பஸ்ஸில் பின்னால் யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினால், அவளேதான் ஏறுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பேன். யாரோ ஒரு பெண் பையோடு நிற்பாள். ஆனாலும் இறங்கும்வரை அந்த மூச்சு என் பிடரியிலேயே இருக்கும்.

மாப்பிள்ளை மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறார். தங்கமான மனுசர். நான் சாப்பிடாமல் கிடப்பதைக் கண்டு, அவரே சோற்றைப் போட்டு என் முன்னால் வைக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே பேச்சுத்தான்.

“அழுகாதீக அத்த. தெரிஞ்சிருந்தா நீங்க விட்டிருப்பீகளா?”

மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறேன்.