பச்சைத் துணியில் சுற்றியிருந்த கடிதம்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், குர்ஆனுக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் பட்டுத் துணி நாலாக மடித்தபடி இருக்கிறது. அதற்குள் இப்போது ஒன்றும் இல்லை. முன்பு ஒரு கடிதம் இருந்தது. ஐரோப்பாவில் பெரிய யுத்தம் வரப்போகிற காலத்தில் ஒரு யூத மதகுரு, இனி அங்கே இருக்க ஏலாது என்று கண்டு, இலங்கைக்கு வர இடம் கேட்டு, திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பல் கம்பனிக் கந்தோர் ஒன்றுக்குத் தன் கையால் எழுதியது.

வெகுகாலத்துக்குப் பிறகு அந்தக் கந்தோரில் வாப்பா பியோனாக இருந்தார். கந்தோரை மூடுகிறபோது பழைய தாள்களைப் பின்வளவில் போட்டு எரித்தார்களாம். இந்தத் தாளின் தலைப்பில் விளங்காத எழுத்து இரண்டைக் கண்டதும் வாப்பாவுக்கு நெருப்பில் போடக் கை வரவில்லை. பெரிய கிளாக்கரிடம் காட்டியிருக்கிறார். "இது அவங்கட பாஷையில ஆண்டவன நினைச்சித் தொடங்கிறது. நீங்க பிஸ்மி சொல்லுற மாதிரி" என்றாராம் அவர். கீழே இருந்த ஆங்கிலத்தையும் வாசித்துச் சொன்னார்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பெட்டி புத்தகம். கப்பலில் இடம் கிடைக்குமா. பாரம் கூடினால் பெட்டியை விட்டுவிட்டு வருகிறோம். யாராவது பதில் போட்டார்களா என்று கிளாக்கர் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அதுதான் வாப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துணியைத் தொட்டு, "யா அல்லாஹ், இந்த மனிசன்ட குடும்பத்தக் கரை சேர்த்திருப்பாய்தானே" என்று துஆக் கேட்பார். யஹூதியின் கடுதாசியைக் கிதாபோடு வைத்திருக்கிறீர்களே என்று பக்கத்து வீட்டு மாமா குத்திக் கதைத்தபோது வாப்பா சொன்னது இது: "மேல அல்லாஹ்ட நினைப்பு இரிக்கி. கீழ ஒரு மனிசன்ட கஷ்டம் இரிக்கி. எத நான் நிலத்தில வெக்கிற?"

கடைசிக் காலத்தில் கறையான் ஒரு ஓரத்தைத் தின்றுவிட்டது. தன் காலத்துக்குப் பிறகு அது யாருடைய காலுக்குள்ளாவது மிதிபடும் என்று வாப்பா பயந்தார். பழுதான குர்ஆன் தாள்களைப் புதைக்கிற மையவாடி மூலையில், விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுப் போய், அதையும் மரியாதையாக அடக்கிவிட்டு வந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

போன வருஷம் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓட்டோவில் வந்து இறங்கினார். அறுபது வயது தாண்டியவர். அந்த மதகுருவின் பேத்தி. அவருடைய தாய்க்குச் சிறுவயதில் தகப்பன் சொல்லிக் கேட்ட ஒரு பேச்சு கடைசிவரை ஞாபகம் இருந்ததாம்: திருகோணமலைக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும். அந்த ஊரைப் பார்க்கத்தான் வந்தாராம். பழைய கப்பல் கந்தோர் எது என்று விசாரித்தபோது, எங்கள் தெரு ஓட்டோக்காரத் தம்பிக்கு வாப்பாவின் கடிதம் ஞாபகம் வந்திருக்கிறது.

நான் நடந்ததைச் சொன்னேன். தம்பி தலையில் கை வைத்தான். "என்ன காக்கா நீங்க! கலியாணத்துக்கு ஆயிரம் போட்டோ எடுக்கிறம். இதுக்கு ஒண்டு எடுக்கல்லயா?"

அந்த அம்மா மெல்லச் சொன்னதைத் தம்பி தமிழில் சொன்னான். "அவங்கட ஆக்களும் இப்பிடியான தாள மண்ணிலதான் அடக்குவாங்களாம். உங்கட வாப்பா செஞ்சதில பிழை இல்லியாம். ஆனா அவங்கட மூத்தவாப்பா கைப்பட எழுதினது ஒண்டுகூட வீட்ட இல்லியாம். ஒருக்காப் பார்த்திருந்தாப் போதுமாம்."

வாப்பா இருந்தவரை துஆவில் கேட்டுக்கொண்டிருந்ததை நான் அவரிடம் கேட்டேன். அவர் வந்து சேர்ந்தாரா?

இல்லை. வேறொருவரோடு மகளை மட்டும் முன்னால் அனுப்பினார்களாம். மற்ற மூவரும் அங்கேயே அழிந்துபோனார்கள். அந்த மகள்தான் இவருடைய தாய்.

பச்சைத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். முகத்தோடு கொஞ்சம் வைத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். பழைய மடிப்பிலேயே மடித்து, என் கையில் திருப்பி வைத்துவிட்டு ஓட்டோவில் ஏறினார்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான்தான் அலுமாரியைத் திறக்கிறேன். கை தானாகத் துணிக்குப் போகிறது. வாப்பாவின் துஆவை அப்படியே ஓத வாய் வருவதில்லை. அந்தப் பிள்ளையைக் கரை சேர்த்தாய், மற்ற மூன்று பேரையும் உன்னிடம் வைத்துக்கொள் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறேன்.